புதிய நூலும் பழைய சிரிப்பும்: சிங்கப்பூர்த் தமிழ் வாசகருக்குக் கிடைக்கும் சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

மாலையில் ஒரு நகைச்சுவைப் படம், அதற்கு முன்போ பின்போ புதிதாக வந்த ஒரு தமிழ் நூலில் நாற்பது ஐம்பது பக்கங்கள் என்பது எழுதும் பழக்கமுள்ள பலருக்கும் அன்றாடம் வாய்க்கும் எளிய இன்பம். இவ்விரண்டையும் சிங்கப்பூரில் இருந்தபடியே எந்தெந்த வழிகளில் பெறலாம், அவற்றுள் எவை நாம் செலவிடும் பணத்துக்கும் நேரத்துக்கும் ஈடாக இருக்கின்றன என்பதை மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் பெரும்பகுதி பொது நூலகங்களின் தமிழ்ப் பிரிவைப் பற்றியதாகவும், எஞ்சிய பகுதி மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் திரைப்படத் தளங்களைப் பற்றியதாகவும் அமையும். புத்தகக் கடையும் திரையரங்கும் இடையிடையே வந்து போகும்.

மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். புதிய நூலைப் பொறுத்தவரை என் எதிர்பார்ப்பு, பெயரே கேள்விப்பட்டிராத ஓர் எழுத்தாளரை நட்டமில்லாமல் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பது. பிடித்தால் தொடரலாம், இருபதாம் பக்கத்திலேயே சலித்துவிட்டால் மனச்சுமை இல்லாமல் மூடிவைக்கலாம். நகைச்சுவைப் படத்தைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பு வேறு. அது வேண்டும்போதெல்லாம் திரும்பக் கிடைக்க வேண்டும். நல்ல நகைச்சுவைப் படத்தை முதல் முறை பார்க்கும்போது கதையின் பின்னால் ஓடுகிறோம். வசனம் மனப்பாடமான பிறகுதான், பேசுபவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்பவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறோம், உண்மையான வேலை அங்கேதான் நடந்திருக்கிறது என்பது அப்போது தெரியவரும். எனவே புத்தகச் சேவையின் தரத்தை அது என்னை எவ்வளவு துணிந்து தேர்ந்தெடுக்க விடுகிறது என்பதாலும், படச் சேவையின் தரத்தை அது பழைய படத்தை எவ்வளவு மதிப்போடு வைத்துக் காக்கிறது என்பதாலும் அளக்கிறேன்.

முதல் அளவுகோலில் தேசிய நூலக வாரியத்தின் பொது நூலகங்களை மிஞ்சுவதற்கு இங்கு வேறெதுவும் இல்லை. நூலை இரவல் பெறும் காலம் 21 நாள். அந்த நூலை வேறொருவர் முன்பதிவு செய்திராவிட்டால் மேலும் ஒரு முறை நீட்டித்துக்கொள்ளலாம். ஜூரோங்கில் எடுத்த நூலைத் தெம்பனிசில் திருப்பிக் கொடுக்கலாம். வேலைக்குப் பெருவிரைவு ரயிலில் போய்வரும் ஒருவருக்கு முந்நூறு பக்க நாவல் ஒன்றை 21 நாளில் முடிப்பது சிரமமே இல்லை. அதே காலத்தில் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளையும் சேர்த்தே முடித்துவிடலாம். கட்டணம் எதுவும் இல்லாததால், ஐந்து நூல்களை எடுத்து அவற்றுள் மூன்றை அரைகுறையாகவே திருப்பிக் கொடுத்தாலும் கேட்பார் யாருமில்லை. எழுதுபவர்களுக்கு இந்தச் சுதந்திரம் மிக முக்கியமானது. காசு கொடுத்து வாங்கிய நூலை நாம் பிடிவாதமாகப் படித்து முடிக்கிறோம். முடித்த பிறகு, நம் தேர்வை நாமே நியாயப்படுத்துவதற்காக அதைப் பாராட்டவும் செய்கிறோம். இரவல் நூல் அந்தப் பொய்யிலிருந்து நம்மைக் காப்பாற்றுகிறது.

நூலை எடுக்கும் முறையிலும் குறை சொல்ல அதிகமில்லை. நூலகத்தின் செயலியைத் திறன்பேசியில் வைத்திருந்தால், அலமாரிக்கு முன்னால் நின்றபடியே நூலின் பட்டைக்குறியீட்டை வருடி இரவல் பதிவைச் செய்துவிடலாம். சுயசேவை இயந்திரத்தைப் பயன்படுத்த விரும்புவோருக்கு அதுவும் இருக்கிறது. என் விருப்பம் இயந்திரம்தான். அதற்கு ஒரு சிறிய காரணம் உண்டு. முன்னர் அந்த நூலை எடுத்தவர் தம் இரவல் சீட்டைப் பக்கக்குறியாகச் செருகிவைத்து, அப்படியே மறந்து திருப்பிக் கொடுத்துவிடுவது இங்கு வழக்கம். அண்மையில் ஒரு புதிய சிறுகதைத் தொகுப்பின் நடுவே அப்படி ஒரு சீட்டு இருந்தது. அந்தத் தொகுப்போடு கேரளச் சமையல் நூல் ஒன்றும், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் படக்கதைகள் மூன்றும், முழங்கால் வலிக்கான யோகப் பயிற்சி நூல் ஒன்றும் அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. பெயரோ முகவரியோ எதுவும் இல்லை. ஆயினும் அந்தச் சில வரிகளில் ஒரு குடும்பமே கண்முன் வந்து நின்றது. சீட்டு செருகப்பட்டிருந்த இடத்தைப் பார்த்தால், அவர் மூன்றாவது கதையோடு நிறுத்திவிட்டார் என்றும் தெரிந்தது. படித்துப் பார்த்தபோது அவர் முடிவு சரியென்றே பட்டது.

எந்தக் கிளைக்குப் போவது என்பது பற்றி ஒரு சொல். தமிழ் நூல்கள் எல்லாக் கிளைகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், இணையத்தில் நூற்பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. விக்டோரியா ஸ்திரீட்டில் 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் மத்தியப் பொது நூலகமும், பெரிய வட்டார நூலகங்களும் நிதானமாக அலமாரி மேய்வதற்கு ஏற்றவை. மற்றபடி, வேண்டிய நூலை முன்பதிவு செய்து வீட்டுக்கு அருகிலுள்ள கிளைக்கு வரவழைத்துக்கொள்ளலாம்.

'புதிய நூல்' என்பதை இங்குச் சற்றுத் தளர்த்தியே புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்ப் பதிப்புலகில் ஆண்டின் பெரும்பாலான புதிய நூல்கள் ஜனவரி மாதச் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டியே வெளிவருகின்றன. அவை தேர்ந்தெடுக்கப்பட்டு, கடல் கடந்து வந்து, வகைப்படுத்தப்பட்டு, பிளாஸ்டிக் உறை போடப்பட்டு அலமாரிக்கு ஏறுவதற்குள் அங்கு நடக்கும் விவாதங்கள் பாதி ஓய்ந்துவிட்டிருக்கும். இதை நான் நன்மையாகவே கருதுகிறேன். வெளியீட்டு விழாக்களின் புகழுரைகளும் அவற்றுக்கு எதிரான காட்டமான பதிலுரைகளும் அடங்கிய பிறகு கைக்கு வரும் நூலை, அதன் பக்கங்களில் இருப்பதை மட்டும் வைத்துப் படிக்க முடிகிறது. காத்திருக்க முடியாதவர்களுக்கு மின்னூல் உண்டு. நூலக உறுப்பினர்கள் 'லிபி' செயலி வழியாகத் தமிழ் மின்னூல்களையும் இரவல் பெறலாம். தவணை முடிந்ததும் அவை தாமாகவே திரும்பிப் போய்விடுவதால், தாமதத்துக்கான அபராதக் கவலையும் இல்லை. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க விரும்பும் முதியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் அச்சு நூலையே பரிந்துரைப்பேன். மின்னூல்களின் தமிழ்த் தேர்வு அலமாரித் தேர்வுக்கு ஈடாகாது.

இங்கு நகைச்சுவைப் பிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நூலகங்கள் பின்பற்றும் டியூவி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. அதற்குப் பின்னால் வரும் இலக்கம் இலக்கிய வகையைக் குறிக்கும்: கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, புனைகதைக்கு 3, கட்டுரைக்கு 4 என்று அது போகும். நகைச்சுவைக்கும் அங்கதத்துக்கும் 7 என்ற இலக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பலருடைய படைப்புகளைச் சேர்த்த தொகுப்புகளுக்கு உரியது. தனி ஒருவர் எழுதிய நகைச்சுவை நாவல் புனைகதையோடும், நகைச்சுவைக் கட்டுரை கட்டுரையோடும், மேடை நாடகம் நாடகத்தோடும் போய் உட்கார்ந்துவிடும். அதனால் 'சிரிக்க ஏதாவது வேண்டும்' என்று நூலகத்துக்குள் நுழைபவருக்குச் சிரிப்பு ஓரிடத்தில் அகப்படாது. கண்ணீர்க் காவியங்களுக்கும் குடும்ப நாவல்களுக்கும் இடையே அது சிதறிக் கிடக்கும். பகுப்பு முறையைக் குறை சொல்ல முடியாது, நகைச்சுவையின் இயல்பே அப்படி. ஆனால் தேடும் வழி தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வழி எழுத்தாளர் பெயர்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் நகைச்சுவை எழுத்தாளர்களில் பலர் புனைபெயரில் எழுதியவர்கள். அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் படைத்த பாக்கியம் ராமசாமியின் இயற்பெயர் ஜ.ரா. சுந்தரேசன், தம் தாய் தந்தையர் பெயர்களைச் சேர்த்தே அவர் அந்தப் புனைபெயரை அமைத்துக்கொண்டார். துப்பறியும் சாம்புவைப் படைத்த தேவன், ஆனந்த விகடனில் பணியாற்றிய ஆர். மகாதேவன். பட்டியலில் தேடும்போது இரண்டு பெயர்களையும் போட்டுப் பார்ப்பது நல்லது. நூல்களின் தலைப்புகளில் கதைமாந்தரின் பெயர் இருந்தால் வேலை இன்னும் எளிது.

உள்ளூர் நகைச்சுவையைத் தேடுபவர்களுக்கு நூலகம் செய்திருக்கும் உதவி தனியாகக் குறிப்பிடத்தக்கது. சிங்கப்பூரில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் இரண்டு படிகளைத் தேசிய நூலகத்துக்கு அளிக்க வேண்டும் என்பது சட்டம். எனவே இங்கு அச்சான தமிழ் நூல், கடைகளில் தீர்ந்துபோனாலும், விக்டோரியா ஸ்திரீட்டுக் கட்டடத்தின் மேல்மாடிகளில் உள்ள லீ கோங் சியான் ஆய்வு நூலகத்தில் பெரும்பாலும் இருக்கும். அங்கு உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்கு எடுத்துப்போக இயலாது. இதற்கு மேலாக, சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015-இல், சுதந்திரத்துக்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளின் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கும் திட்டத்தை ஆர்வலர் குழுவொன்று நூலக வாரியத்தோடு சேர்ந்து நிறைவேற்றியது. அந்தத் தொகுப்பில் நூற்றுக்கணக்கான நூல்கள் இருக்கின்றன. வீட்டில் இருந்தபடியே அவற்றைப் புரட்டிப் பார்க்கலாம்.

உள்ளூர் நகைச்சுவை என்றதும் நான் முதலில் நினைப்பது புதுமைதாசன் என்னும் பி. கிருஷ்ணனின் 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி'யைத்தான். 1960களின் இறுதியில் சிங்கப்பூர் வானொலியில் தொடர் நாடகமாக ஒலித்து, பின்னர் நூல் வடிவம் பெற்ற படைப்பு அது. கம்பம் எனப்படும் கிராமக் குடியிருப்பிலிருந்தும் கடைவீட்டிலிருந்தும் மக்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. மின்தூக்கி, பொது நடைபாதை, சுவருக்கு அப்பால் கேட்கும் அண்டைவீட்டுச் சச்சரவு என்று எல்லாமே புதிதாக இருந்த நாட்களில், வானொலியைச் சுற்றி உட்கார்ந்து அந்த வாழ்க்கையைப் பார்த்தே சிரிக்க முடிந்திருக்கிறது. வானொலிக்காக எழுதப்பட்டதால் அதில் எல்லாமே காதுக்கானது. யார் உள்ளே வந்தார், யார் எரிச்சலில் எழுந்து போனார் என்பதையெல்லாம் உரையாடலே சொல்லியாக வேண்டும். எழுதக் கற்றுக்கொள்ளும் இளையவர்களுக்கு நான் இதைப் பயிற்சி நூலாகவே பரிந்துரைப்பேன். இந்த எழுத்தாளருக்கு 2008-இல் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. நகைச்சுவை எழுதியவர்களுக்கு உயர்ந்த விருதுகள் எளிதில் கிடைப்பதில்லை என்ற பொதுவான மனக்குறைக்கு இது ஓர் ஆறுதல். அவர் சேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும்கூட என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த ஆறுதல் முழு உண்மையாகாது.

புத்தகக் கடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் தமிழ் நூல்களை விற்கும் இடங்கள் சில உண்டு. பஞ்சாங்கமும் பக்தி நூல்களும் சமையல் குறிப்புகளும் முன்னால் நிற்கும். இலக்கியம் உள்ளே, மேல்தட்டில் இருக்கும். நான் அடிக்கடி போகும் கடை ஒன்றில் புதிய நூல்கள் அனைத்தும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறுக்கி ஒட்டப்பட்டிருக்கின்றன. பிரித்துப் பார்க்க அனுமதி இல்லை. முதல் பத்தியைக்கூடப் படித்துப் பார்க்காமல், ரூபாய் விலையை இரண்டு மூன்று மடங்காக்கி வெள்ளியில் கொடுத்து, அறிமுகமில்லாத எழுத்தாளரை வாங்கச் சொல்வது எந்த வகையில் விற்பனைக்கு உதவும் என்று விளங்கவில்லை. பின்னட்டையில் இருப்பதோ வேறொரு எழுத்தாளரின் புகழுரை. முன்பே நூலகத்தில் படித்துப் பிடித்துப்போன நூலைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வாங்குவதற்குத்தான் இக்கடை பயன்படுகிறது. நவம்பர் மாதத்தை ஒட்டி வரும் சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவிலும், ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டிய நிகழ்ச்சிகளிலும் உள்ளூர் நூல்களைப் பிரித்துப் பார்த்து, எழுதியவரிடமே இரண்டு வார்த்தை பேசி வாங்க முடிகிறது என்பதால், அந்த மாதங்களுக்காகக் காசைச் சேர்த்துவைப்பதே உத்தமம்.

இனி நகைச்சுவைப் படங்கள். நான் இரண்டு சந்தாத் தளங்களை மாறிமாறிப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டிலும் தமிழ்ப் படங்கள் ஏராளம். வெளிவந்து சில வாரங்களே ஆன புதிய படங்களைப் பார்ப்பதற்கு இவற்றைப் போல வசதியானவை வேறில்லை. ஆனால் மேலே சொன்ன அளவுகோலை எடுத்து வைத்தால் கதை மாறிவிடுகிறது.

முதற்குறை, படங்கள் சொல்லாமல் மறைந்துவிடுவது. ஒரு படத்தை ஒளிபரப்பும் உரிமை நாடு வாரியாகவும் கால வரையறையோடும் விற்கப்படுவது. இந்தியாவுக்கான உரிமை ஒருவரிடமும், வெளிநாடுகளுக்கான உரிமை வேறொருவரிடமும் இருக்கும். சென்னையில் இருக்கும் மைத்துனர் அதே தளத்தில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் படம், இங்கு நம் திரையில் தேடினால் இருப்பதாகவே காட்டாது. போன மாதம் இருந்தது இந்த மாதம் போய்விடும். புதிய படத்தைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்தாக வேண்டிய பழைய நகைச்சுவைப் படம் இப்படிப் போனால்தான் எரிச்சல் வருகிறது. காலத்தால் காப்புரிமை முடிந்துபோன மிகப் பழைய படங்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து உருவாகி 1941-இல் வெளிவந்த 'சபாபதி' அத்தகையது. மேடையில் சிரிக்கவைத்த எழுத்து எண்பது ஆண்டுகளைத் தாண்டியும் சிரிக்கவைக்கிறதா என்று சோதிக்க விரும்புவோர் அதைப் பார்க்கலாம். முதலாளியும் வேலையாளும் ஒரே பெயரோடு ஒருவரை ஒருவர் மிஞ்சும் அசட்டுத்தனம் இன்றும் வேலை செய்கிறது.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. அதை அதிகம் பேர் பேசக் கேட்டதில்லை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்தது 1973-இல். அதற்கு முந்தைய படங்கள் அகலம் குறைந்த, ஏறத்தாழச் சதுரத்தை நெருங்கும் சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய தொலைக்காட்சித் திரையோ அகன்றது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுக் காட்டுவதே முறை. நான் சந்தா கட்டும் தளம் ஒன்று, திரை முழுதும் நிரம்ப வேண்டும் என்பதற்காகச் சில பழைய படங்களின் மேலும் கீழும் வெட்டிவிட்டிருக்கிறது. சண்டைக் காட்சியிலோ பாடலிலோ இது அவ்வளவாகத் தெரியாது. நகைச்சுவையில் அப்பட்டமாகத் தெரியும். 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில், படம் எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ் தம் தந்தை பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் புகழ்பெற்ற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கதையில் ஒன்றுமே இல்லை. நாகேஷ் எழுப்பும் ஓசைகளும் அவருடைய கைகளும், அவற்றைக் கண்டு படிப்படியாகக் கலங்கிக்கொண்டே போகும் பாலையாவின் முகமும் சேர்ந்ததுதான் மொத்தக் காட்சியும். இத்தகைய காட்சியில் சட்டகத்தின் மேலும் கீழும் நறுக்கினால் முதலில் போவது கைகள்தாம். உடல்மொழியால் சிரிக்கவைத்த ஒரு தலைமுறைக் கலைஞர்களின் கைகளை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் காட்டுவது, கர்நாடகக் கச்சேரியில் மிருதங்கத்தை நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் கேட்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, படம் முடியும் இடத்தில் தளம் காட்டும் அவசரம். கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை ஒரு மூலைக்குச் சுருங்கி, அடுத்த படத்தின் முன்னோட்டம் தொடங்கிவிடுகிறது. நகைச்சுவைப் படங்களில் பெயர்ப்பட்டியல் ஓடும்போதும் ஒரு கடைசி வேடிக்கையைச் செருகிவைப்பது இயக்குநர்கள் பலருக்கும் பழக்கம். அமைப்புகளுக்குள் சென்று இந்தத் தானியங்கி வசதியை நிறுத்திவைக்க வழி உண்டு. புதிதாகச் சந்தா கட்டுபவர்கள் முதல் வேலையாக அதைச் செய்துவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் மாற்றாகப் பலரும் நாடுவது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நகைச்சுவைத் துணுக்குகள். பத்து நிமிடத்தில் வடிவேலு, பதினைந்து நிமிடத்தில் கவுண்டமணி செந்தில் என்று வெட்டித் தொகுத்து வைத்திருப்பார்கள். முன்பு தேக்கா வட்டாரத்தில் 'காமெடி கலெக்‌ஷன்' என்று குறுந்தட்டுகளாக விற்றவற்றின் வாரிசுகள் இவை. இவற்றை இழிவாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்ப் படங்கள் பலவற்றில் நகைச்சுவைப் பகுதி மையக் கதையோடு ஒட்டாமல், தனி எழுத்தாளரைக் கொண்டே எழுதப்பட்டு, தனியாகவே எடுக்கப்பட்டது. தனியாகப் பிறந்ததைத் தனியாகப் பார்ப்பதில் பிழை ஒன்றுமில்லை. அழுகைக் காட்சிகளைத் தாண்டவேண்டிய தொல்லை நீங்குவதால் சில நேரம் அதுவே மேல். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சிக்கு முன்னும் பின்னும் எதுவும் தேவையில்லை. ஆனால் முழுநீள நகைச்சுவைப் படங்களை இப்படிக் கூறுபோடக் கூடாது. 1990-இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் சாம்பாரில் மீன் விழும் காட்சி துணுக்காகவும் சிரிக்கவைக்கும்தான். என்றாலும் நான்கு பேரின் கதைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளப் போகின்றன என்று தெரிந்து, எந்த நேரத்தில் யார் எந்த வாசல் வழியாக வருவார் என்று காத்திருக்கும் இன்பம் முழுப் படத்தில் மட்டுமே உண்டு. அதன் வசனங்களை எழுதிய கிரேசி மோகன் மேடையிலிருந்து வந்தவர். ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததை வைத்துவிடும் அவருடைய வேகம், ஒரு முறை பார்த்தவரை ஏமாற்றிவிட்டு மறுமுறை பார்ப்பவருக்குத்தான் முழுக் கணக்கையும் காட்டுகிறது. துணுக்குகளில் இடையிடையே வந்து விழும் விளம்பரங்கள் இந்த வேகத்தைக் கொன்றுவிடுகின்றன. சரியாகப் பதில் வசனத்துக்கு முன்னால் சலவைத்தூள் விளம்பரம் வருவதைத் தற்செயல் என்று நம்புவது கடினம்.

திரையரங்கைப் பற்றி ஒன்று மட்டும். நகைச்சுவைப் படத்தைக் கூட்டத்தோடு பார்ப்பது தனி அனுபவம்தான். வாரயிறுதி மாலையில், வேலை முடித்து வந்த இளைஞர்கள் நிறைந்த அரங்கில் ஓரிடத்தில் வெடிக்கும் சிரிப்பு அடுத்த இரண்டு வசனங்களை விழுங்கிவிடும். அந்த இரண்டு வசனங்களுக்காகவே வீட்டில் மறுபடியும் பார்க்க வேண்டியதாகிறது. புதிய நகைச்சுவைப் படங்களில் பல ஒரு முறைக்கே தாங்குவதில்லை என்பதால், முதல் வாரத்தில் அவசரப்பட்டு நுழைவுச்சீட்டு வாங்குவதை நான் குறைத்துக்கொண்டேன். பணம் கொடுக்காமல் உள்ளூர் நகைச்சுவையைப் பார்க்க விரும்புவோர் வசந்தம் ஒளிவழியின் நிகழ்ச்சிகளை மீவாட்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நம் கடைத்தெருவில் கேட்கும் தமிழும், மலாயும் ஹொக்கியனும் கலந்த பேச்சும் அங்கே கேட்கும். சென்னைப் படங்களில் அது வராது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்து நான் அமைத்துக்கொண்ட ஏற்பாடு இது. நூல்களுக்கு நூலகம், அதிலும் அச்சு நூல். பிடித்துப்போனவற்றை மட்டும் விழாக் காலங்களில் வாங்குவது. படங்களுக்கு ஒரே ஒரு சந்தா, அதுவும் மாதக் கணக்கில். பார்க்க வேண்டியவை தீர்ந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த தளத்துக்கு மாறுவது. ஆண்டுச் சந்தா மலிவாகத் தோன்றினாலும், நாம் விரும்பும் படம் ஆண்டு முழுதும் இருக்கும் என்று எந்தத் தளமும் உறுதி தருவதில்லை. மனத்துக்கு மிக நெருக்கமான நகைச்சுவைப் படங்கள் நான்கைந்து இருந்தால், அவற்றின் நல்ல குறுந்தட்டுப் பதிப்பு எங்கேனும் தென்படும்போது வாங்கிவைத்துக்கொள்ளலாம். தட்டை ஓட்டும் கருவி வீட்டில் பழுதாகாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

சந்தா எதுவும் கட்ட விரும்பாத நாட்களில் நூலக அலமாரியின் நாடகப் பகுதிக்குப் போகலாம். மேடை நகைச்சுவை நாடகங்களை அச்சில் படிப்பவர்கள் இன்று மிகக் குறைவு என்பதால், அந்த நூல்கள் முன்பதிவுக் காத்திருப்பு இல்லாமல் உடனே கைக்குக் கிடைக்கின்றன. இரண்டு மூன்று பேர் குரல் மாற்றி உரக்கப் படித்தால் ஒரு மாலைப் பொழுது எளிதாகக் கழியும்.

வேலை அனுமதியில் இங்கு வந்து தங்கியிருப்போருக்கு ஒரு குறிப்பு. சிங்கப்பூரர்களுக்கு நூலக உறுப்பினராக இருக்கக் கட்டணமில்லை; வெளிநாட்டினர் இரவல் பெறும் உறுப்பினராக வேண்டுமெனில் ஆண்டுக் கட்டணம் உண்டு. மாதத்துக்கு ஒரு நூல் வாங்கும் பழக்கமுள்ளவருக்கு அந்தத் தொகை சில மாதங்களிலேயே ஈடாகிவிடும். கட்டணம் கட்ட விருப்பமில்லாதவர்களும் எந்தப் பொது நூலகத்துக்குள்ளும் நுழைந்து, நாற்காலியில் அமர்ந்து, மூடும் நேரம்வரை படிக்கலாம்; ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் இருக்கை கிடைக்கச் சற்று முன்னதாகவே போக வேண்டியிருக்கும்.